டனிச் ஒரே இரவில் மூழ்கவில்லை

வந்த கேள்வி இது: "வேலை காரணமாகக் குடும்பத்தோடு இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சஃபக் மாவட்டத்துக்குப் போகிறோம். அங்கே ஒரு நகரமே ஒரே இரவில் கடலுக்குள் போய்விட்டதாமே? இன்றும் தண்ணீருக்கு அடியிலிருந்து தேவாலய மணி கேட்குமாமே? அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது அந்த ஊர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?"

நான் 1982-இல் அங்கே போனேன். இரண்டு வருடம் மருத்துவமனை வேலை, அப்புறம் ஓய்வு பெறும்வரை கடலோரக் கிராமங்களுக்கான குடும்ப மருத்துவர். நடமாட முடியாத கிழவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலையில் பாதி. ரத்த அழுத்தம் பார்க்க ஐந்து நிமிடம் போதும். டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவர்கள் கதை சொல்ல ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஆகும். இந்த மாவட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படி வந்தது. மீதி, அந்தக் கதைகள் உண்மைதானா என்று நூலகத்தில் உட்கார்ந்து தேடியதில் வந்தது.

நீங்கள் கேள்விப்பட்ட அந்த நகரம் டனிச். அதற்குமுன் ஊர்ப்பெயர்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் மாட்டிக்கொள்வீர்கள். டன்விச் என்று எழுதியிருக்கும், டனிச் என்று சொல்லவேண்டும். ஆல்ட்பர்க் என்று தெரியும், வாயில் வருவது ஓல்ட்பரா. ஹொல்லெஸ்லி என்று எழுதியிருக்கும் ஊர் ஹோஸ்லி. என் முதல் மாதத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் ஹொல்லெஸ்லிக்கு வழி கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, அப்படி ஓர் ஊர் இந்தப் பக்கம் இல்லையே அம்மா என்றார். அந்த ஊர்க்காரரே அவர்தான் என்பது பிறகு தெரிந்தது.

சரி, டனிச்சுக்கு வருகிறேன்.

இன்று அங்கே போனால் ஒரு தெரு, ஒரு மதுக்கடை, ஒரு சின்ன அருங்காட்சியகம், கடற்கரையில் மீன் வறுத்துக் கொடுக்கும் கடை. ஊரில் நூற்றுச் சொச்சம் பேர். ஆனால் 1086-இல் வில்லியம் மன்னர் நாடு முழுவதும் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் இது இங்கிலாந்தின் பெரிய ஊர்களில் ஒன்று. மன்னருக்கு ஆண்டுக்கு 68,000 ஹெர்ரிங் மீன் கொடுத்த துறைமுகம். அதே கணக்கேட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் இங்கே இரண்டு ஏர் நிலம் இருந்தது, இப்போது ஒன்றுதான், மற்றதைக் கடல் எடுத்துக்கொண்டது என்கிறது அது. அதாவது ஊர் செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே கடல் தின்ன ஆரம்பித்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே இன்னும் இருநூறு வருடம் தேவாலயங்களும் மடங்களும் கட்டிக்கொண்டே போனார்கள்.

ஏன் என்று கேட்டால், வருமானம் துறைமுகத்திலிருந்து வந்தது. ஓரத்தில் நாலு வீடு போனால் உள்ளே தள்ளி நாலு வீடு கட்டிக்கொள்ளலாம். துறைமுகம் இருக்கும்வரை ஊர் இருக்கும்.

அந்தத் துறைமுகம்தான் போயிற்று. கடல் அதை அடித்துக்கொண்டு போகவில்லை, அடைத்துவிட்டது. இந்தக் கரையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சஃபக் கரையில் பாறை கிடையாது. மணலும் சரளையும் களிமண்ணும் கலந்த மண்மேடுதான். கையால் சுரண்டினாலே உதிரும். மழை பெய்தால் மேலிருந்து சரியும், அலை அடித்தால் அடியிலிருந்து சரியும். சரிந்த மண் கரைந்து போய்விட, கூழாங்கல் மட்டும் கரையில் நிற்கும். இங்கே கரையை வேகமாக நகர்த்தும் பெரிய அலைகள் வடகிழக்கிலிருந்து சாய்வாக வருபவை. அலை ஏறும்போது கல்லைச் சாய்வாக மேலே தள்ளும், இறங்கும்போது நேராகக் கீழே இழுக்கும். ஒவ்வொரு அலைக்கும் கல் ஓரடி தெற்கே நகர்ந்திருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான வருடமாக இந்தக் கரை முழுவதும் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஓர் ஆற்றின் முகத்துவாரம் வந்தால் அதன் வாயிலேயே கல் குவிந்து மேடாகும். ஆறு வேறு வழி தேடிக்கொள்ளும்.

டனிச்சின் துறைமுகம் அப்படி ஒரு முகத்துவாரத்தில் இருந்தது. 1286-இல் ஒரு பெரும்புயல். வீடுகள் போயின, முகத்துவாரம் பாதி அடைபட்டது. வெட்டித் திறந்தார்கள். 1328-இல் மறுபடி ஒரு புயல் வந்து அதை ஒரேயடியாக மூடிவிட்டது. ப்ளைத் ஆறு வடக்கே திரும்பி, வால்பர்ஸ்விக் என்ற பக்கத்துக் கிராமத்தின் அருகே கடலில் கலந்தது. கப்பல்களும் அந்தப் பக்கம் போயின. சுங்கம் வசூலிக்கும் உரிமை மட்டும் டனிச்சின் கையில். வால்பர்ஸ்விக்காரர்கள் கொடுப்பார்களா? பல தலைமுறைக்கு வழக்கும் சண்டையுமாகப் போயிற்று. 1347-இல் இன்னொரு புயலில் நானூறு வீடுகள் வரை கடலில் விழுந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அதற்குள் வியாபாரிகள் கிளம்ப ஆரம்பித்திருந்தார்கள். ஆள் குறைந்துகொண்டே வந்த ஊரைத்தான் கடல் அடுத்த ஐந்நூறு ஆண்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

எனவே ஒரே இரவில் மூழ்கியது என்பது கதை. லண்டனுக்குச் சமமான நகரம் என்றும் சிலர் எழுதுவார்கள், அதுவும் மிகை. சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய விஷயம்.

ஊர் போனபிறகும் அதன் அரசியல் உரிமை போகவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. டனிச்சிலிருந்து இரண்டு பேர் நாடாளுமன்றத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசிக் காலத்தில் ஓட்டுரிமை உள்ளவர்கள் முப்பத்திரண்டு பேர். இதே கரையில் ஓல்ட்பராவுக்கு இரண்டு உறுப்பினர்கள், ஆர்ஃபர்டுக்கு இரண்டு. மீன்பிடிக் கிராமங்களாகிவிட்ட மூன்று ஊர்களுக்கு ஆறு பேர், ஆலைகளால் நிறைந்த மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம்தான் இந்தக் கூத்துக்கு முடிவு கட்டியது.

கடைசியாக விழுந்த தேவாலயம் ஆல் செயின்ட்ஸ். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வழிபாட்டை நிறுத்தி அதைக் கைவிட்டிருந்தார்கள். 1904-இல் மேடு சரிந்து அதன் கிழக்குச் சுவரைத் தொட்டது. பதினைந்து வருடத்தில் துண்டு துண்டாக விழுந்து, 1919-இல் கோபுரமும் போயிற்று. அப்போது கேமரா வந்துவிட்டதால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்றிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாகப் பாருங்கள், மெழுகுவத்தி உருகுவது போல இருக்கும். தேவாலயம் விழுந்தபிறகு கல்லறைத் தோட்டத்தின் முறை. எலும்புகள் மண்மேட்டிலிருந்து நீட்டிக்கொண்டு தெரியும் என்று என் நோயாளி ஒருவர் சொன்னார். சின்ன வயதில் பையன்கள் அதைப் பார்க்கவே சைக்கிளில் போவார்களாம். நான் போன காலத்தில் புதருக்குள் ஒற்றைக் கல்லறைக்கல் மிச்சமிருந்தது.

2008-இலிருந்து சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சியர் குழுவினர் ஒலியலைக் கருவிகளால் கடலடியை அளந்து வரைபடம் எடுத்தார்கள். பழைய தேவாலயங்களின் இடிபாடுகள் கிடைத்தன. ஆழம் பத்து மீட்டர்கூட இல்லை. ஆனால் வண்டல் கலங்கிய தண்ணீர், முங்கினால் முகத்துக்கு முன்னால் இருக்கும் கையே தெரியாது. அதனால்தான் ஒலியால் பார்க்கவேண்டி வந்தது.

டனிச் இழந்த கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டுமல்லவா? தெற்கே போனால் தெரியும். ஓல்ட்பராவுக்குப் பக்கத்தில் ஆல்ட் ஆறு கடலுக்கு நூறு மீட்டர்கூட இல்லாத தூரம்வரை வரும். வந்துவிட்டு, கூழாங்கல் மேடு வழிமறிப்பதால் தெற்கே திரும்பி, கடலுக்கு இணையாகப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியபிறகுதான் கடலில் கலக்கும். போகும் வழியில் பெயரையும் ஓர் என்று மாற்றிக்கொள்ளும். அந்த ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கூழாங்கல் திட்டுதான் ஆர்ஃபர்ட் நெஸ். வடக்கே பல ஊர்க் கரைகளிலிருந்து உதிர்ந்து நடந்து வந்த கற்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன.

ஆர்ஃபர்ட் ஊருக்கும் அதே கதைதான். இரண்டாம் ஹென்றி 1165-க்கும் 1173-க்கும் இடையில் அங்கே ஒரு கோட்டை கட்டினார். செலவு 1,413 பவுண்டு. அரசுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது, அந்தக் காலத்துக்கு மலைக்கவைக்கும் தொகை. அப்போது அது திறந்த துறைமுகம். பிறகு திட்டு வளர்ந்து வளர்ந்து ஊருக்கும் கடலுக்கும் நடுவே படுத்துக்கொண்டது. கோட்டை மட்டும் அப்படியே நிற்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் நான் சொல்லும் புவியியல் முழுவதும் ஒரே பார்வையில் புரியும்.

அந்தக் கோட்டையின் ஆரம்ப நாட்களில் மீனவர் வலையில் ஒரு மனிதன் சிக்கினானாம். உடம்பெல்லாம் ரோமம், பேச்சு இல்லை, பச்சை மீனைப் பிழிந்துவிட்டுத் தின்பான். கோட்டைக் காவலர்கள் அவனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு அடித்தும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் நழுவிக் கடலுக்குள் போய்விட்டான். ரால்ஃப் என்ற துறவி 1200 வாக்கில் எழுதி வைத்த சேதி இது. ஊரில் கடற்காட்டான் என்று அவனைச் செல்லமாகப் பேசுவார்கள். மொழி தெரியாத ஒருவனைப் பிடித்து அடித்த கதை என்றுதான் எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும். சொன்னால் சிரிப்பார்கள்.

திட்டின் பிற்காலக் கதை வேறு மாதிரி. ஆளில்லாத இடம் என்பதால் 1915-இலிருந்து ராணுவம் எடுத்துக்கொண்டது. 1935 மே மாதம் விஞ்ஞானி ராபர்ட் வாட்சன்-வாட்டின் குழு ரேடார் சோதனைக்கு அங்கேதான் வந்து இறங்கியது. அடுத்த வருடம் கொஞ்சம் தெற்கே பாட்ஸி மாளிகைக்கு மாறினார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனைக் காப்பாற்றிய ரேடார் சங்கிலி அங்கிருந்து வளர்ந்தது. பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டின் உறுப்புகளைக் குலுக்கியும் சுட வைத்தும் சோதிக்கக் கட்டிய கூடங்கள் இன்னும் நிற்கின்றன. தூரத்திலிருந்து பௌத்த ஆலயம் போல இருப்பதால் அவற்றுக்குப் பகோடா என்றே பெயர். தடித்த தூண்கள்மேல் கனமான கான்கிரீட் கூரை, அதன்மேல் பாரத்துக்குக் கொட்டியது அங்கே கிடந்த அதே கூழாங்கல். உள்ளே எதாவது வெடித்தால் கூரை இறங்கி மூடிக்கொள்ளவேண்டும் என்பது திட்டம். 1993-இல் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இடத்தை வாங்கியது. பழுது பார்ப்பதில்லை, காற்றும் கடலும் தின்றது போக மிச்சத்தைப் பார்க்கலாம். 1792-இல் கட்டிய கலங்கரை விளக்கம் கடைசியில் அலையின் ஓரத்துக்கே வந்துவிட்டது. 2020-இல் இடித்து எடுத்தார்கள். ஜன்னலிலிருந்து அந்த வெளிச்சத்தை இருபது வருடம் பார்த்தவள் நான். அது இல்லாத இரவு பழகக் கொஞ்ச நாளாயிற்று.

நீங்கள் வேலைக்குப் போவது லோஸ்டாஃப்ட் துறைமுகத்தின் பக்கம் என்றால் ஹெர்ரிங் கதை கேட்காமல் தப்பமுடியாது. ஹெர்ரிங் நம் மத்தியின் குடும்பம். மத்தியைவிடக் கொஞ்சம் பெரிது, முள்ளும் அதே ரகம். புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும், நம்பிச் சமைக்கலாம். இலையுதிர் காலத்தில் கூட்டம் கூட்டமாக இந்தக் கரைப்பக்கம் வரும். பகலில் ஆழத்தில் இருக்கும், இருட்டினால் மேலே ஏறும். டிரிஃப்டர் என்ற படகுகள் வலையைத் திரைச்சீலை மாதிரித் தொங்கவிட்டு இரவெல்லாம் மிதந்துகொண்டு காத்திருக்கும். 1913-இல் லோஸ்டாஃப்டிலும் பக்கத்து யார்மவுத்திலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரிஃப்டர்கள் நின்றன. ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தாவித் தாவியே துறைமுகத்தைக் கடக்கலாம் என்பார்கள்.

பிடித்த மீனைச் சுத்தம் செய்தவர்கள் ஸ்காட்லாந்துப் பெண்கள். மீன் கூட்டத்தின் பின்னாலேயே துறைமுகம் துறைமுகமாகத் தெற்கே இறங்கி வருவார்கள். அவர்களுக்கென்றே தனி ரயில் விடுவார்கள். மூவர் ஒரு குழு, இருவர் குடல் எடுக்க, ஒருத்தி பீப்பாயில் உப்பிட்டு அடுக்க. நான் பார்த்த ஒரு பாட்டி அப்படி வந்து, இங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். வாத நோய்க்காகக் கையைப் பார்க்கப் போனேன். விரல் முழுவதும் கோடு கோடாக வெள்ளைத் தழும்பு. கத்தி வழுக்கினால் வெட்டும், வெட்டிய இடத்தில் உப்பு ஏறும். அதற்காகக் காலையில் எழுந்ததும் மாவுச் சாக்குத் துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்களாம். எனக்குக் கட்டியே காட்டினார். எண்பதை நெருங்கிய கை, ஒரு விரலுக்கு நாலு நொடிகூட ஆகவில்லை. வேலை இல்லாத நேரத்தில் பின்னல் ஊசியோடு தெருவில் நாலைந்து பேராகச் சேர்ந்து நடப்போம், நிற்காமல் பின்னிக்கொண்டே போவோம் என்றார். உடம்பு மீன் நாற்றம் எடுப்பதால் வாடகைக்கு விடும் வீட்டுக்காரிகள் சுவருக்கெல்லாம் காகிதம் ஒட்டி வைப்பார்களாம். அந்தச் சின்ன அவமானம்தான் அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

அந்தப் பீப்பாய்களில் பெரும்பகுதி ரஷ்யாவுக்கும் ஜெர்மனிக்கும் போனவை. முதல் உலகப் போரோடு அந்தச் சந்தை உடைந்தது. ஆனால் மீனே இல்லாமல் போனது அறுபதுகளில். பெரிய வலைகளால் குஞ்சும் பெரிதுமாக அள்ளி எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் அரைத்தார்கள். 1977-இல் வட கடல் முழுவதும் ஹெர்ரிங் பிடிக்கத் தடை போடவேண்டி வந்தது. நான் லோஸ்டாஃப்டைப் பார்த்தபோது தடை நீங்கும் காலம்தான், ஆனால் அதற்காகக் காத்திருந்த படகுகள் ஏற்கெனவே உடைபட்டிருந்தன. 1930-இல் கட்டிய லிடியா ஈவா என்ற நீராவி டிரிஃப்டர் ஒன்றே ஒன்று பிழைத்திருக்கிறது. மேட்டு நகரத்திலிருந்து கடலுக்கு இறங்கும் ஸ்கோர் என்ற குறுகிய சந்துகள் இன்னும் இருக்கின்றன. அவை போய்ச் சேர்ந்த மீனவர் குப்பம் இல்லை. வெள்ளமும் குண்டும் பாதி அழித்தன, மீதியை அறுபதுகளில் இடித்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரிட்டனிலேயே கிழக்குக் கோடி என்று பெருமையாகச் சொல்லும் நெஸ் முனை அந்தத் தொழிற்சாலைகளின் கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வெள்ளம் என்றேன். அது 1953. ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. இந்தக் கரையில் வயதானவர்களிடம் பேசினால் இந்தத் தேதியில்தான் வந்து நிற்பார்கள். கடும் வாடைக்காற்று கடல் நீரை வடக்கிலிருந்து தெற்கே தள்ளியது. வட கடல் தெற்கே வர வர ஆழமும் அகலமும் குறையும், ஒரு புனல் மாதிரி. காற்றழுத்தத் தாழ்வு, பௌர்ணமியை ஒட்டிய ஏற்றம், எல்லாம் ஒன்று சேர்ந்தன. லிங்கன்ஷயரில் மாலை ஏழு மணிக்கே தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. அந்தச் சேதி தெற்கே இருந்தவர்களை எட்டவில்லை. நள்ளிரவில் ஃபீலிக்ஸ்டோவில் 41 பேர் இறந்தார்கள். இங்கிலாந்தில் மொத்தம் 307 பேர், எதிர்க்கரையில் நெதர்லாந்தில் 1,836 பேர்.

ஃபீலிக்ஸ்டோவில் செத்தவர்கள் கடலைப் பார்த்த வீடுகளில் இருந்தவர்கள் அல்ல. அலை முன்பக்கமாக வரவில்லை. பின்னால் ஆர்வெல் ஆற்றின் கரை உடைந்து, சதுப்பு நிலத்தின் வழியாக, லாங்கர் சாலையில் இருந்த தற்காலிகக் குடியிருப்புகளுக்குள் வந்தது. போருக்குப் பின் வீடில்லாதவர்களுக்காக அவசரமாக வைத்த இலேசான வீடுகள் அவை. பெயர்ந்து மிதந்தன. அப்போது பதினோரு வயதாக இருந்த ஒருவர் பிற்பாடு என் நோயாளி. ஆஸ்துமாவுக்கு வருவார். அன்றிரவு இரவு உடையோடு கூரைமேல் உட்கார்ந்திருந்ததைச் சொல்வார். பயத்தைவிடக் குளிர்தான் ஞாபகம் இருக்கிறது என்பார். பக்கத்துக் கூரையில் இருந்த பெண் பாடிக்கொண்டே இருந்தாள், விடியும்முன் பாட்டு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு ஜனவரியும் இதையே சொல்வார், நானும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பேன்.

2013 டிசம்பர் 5 அன்று ஏறக்குறைய அதே உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. சில இடங்களில் அதற்கு மேலும். ஆனால் இந்த முறை காலையிலிருந்தே எச்சரிக்கை, தாழ்வான தெருக்களில் போலீஸ் கதவு கதவாகத் தட்டிச் சொன்னார்கள். ஊர் நனைந்தது, ஆட்கள் பிழைத்தார்கள். நீங்கள் வீடு பார்க்கும்போது வெள்ள அபாய வரைபடத்தில் அந்தத் தெருவைப் பாருங்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கிறது என்று முகவர் சொன்னால் ஆறு எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

ஓல்ட்பராவைப் பற்றிக் கொஞ்சம் சொந்த விஷயம். நான் பிறந்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் இந்த ஊருக்கும் அதற்கும் இருந்த நூல் தெரிந்தது. ஓல்ட்பராவில் வளர்ந்தவர் எலிசபெத் காரெட். அப்பா நியூசன் காரெட் பார்லி, நிலக்கரி வியாபாரி, இன்று கச்சேரி அரங்கமாக இருக்கும் ஸ்னேப் மால்ட்டிங்ஸைக் கட்டியவர். எந்த மருத்துவக் கல்லூரியும் பெண் என்று எலிசபெத்தைச் சேர்க்கவில்லை. மருந்தாளர் சங்கத்தின் விதியில் பெண் கூடாது என்று எழுதியிருக்கவில்லை என்ற ஓட்டையைப் பிடித்து 1865-இல் மருத்துவத் தொழில் செய்ய உரிமம் வாங்கினார். உடனே சங்கம் விதியை மாற்றி அந்த ஓட்டையை அடைத்தது. அவர் பாடம் எடுத்து, 1883 முதல் முதல்வராகவும் இருந்த லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். கணவர் சென்னையில் வழக்கறிஞர். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர், மேற்படிப்புக்கு லண்டன் போனார். 1883-இல் சென்னைக்குத் திரும்பி, 1885-இல், ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாத பெண்களுக்காக அவர் தொடங்கியதுதான் கோஷா ஆஸ்பத்திரி.

எலிசபெத் 1908-இல் ஓல்ட்பராவின் மேயர் ஆனார், இங்கிலாந்தின் முதல் பெண் மேயர். ஊர்த் தேவாலயத் தோட்டத்தில்தான் புதைத்திருக்கிறார்கள். வாக்குரிமைக்குப் போராடிய மிலிசென்ட் ஃபாசெட் அவருடைய தங்கை. ஊரில் எல்லோரும் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் இசை விழாவைப் பற்றிச் சொல்வார்கள், 1948-இலிருந்து நடப்பது, நல்ல விழாதான். நான் மட்டும் யார் வந்தாலும் முதலில் கல்லறைக்குக் கூட்டிப்போவேன். கடற்கரையில் இருக்கும் பதினாறாம் நூற்றாண்டு ஊர்மன்றக் கட்டடத்தையும் பாருங்கள். கட்டியபோது அது ஊருக்கு நடுவில் இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சவுத்வோல்ட் அழகு, விலையும் அதற்கேற்ப. 1672-இல் அதன் எதிரே டச்சுக்காரர்களோடு பெரிய கடற்போர் நடந்தது. ஃபீலிக்ஸ்டோ இன்று நாட்டின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகம். உங்கள் வீட்டு அரிசி மூட்டையே அந்த வழியாக வந்திருக்கலாம். மின்ஸ்மியர் பறவைச் சரணாலயத்தை விட்டுவிடாதீர்கள். 1940-இல் ஜெர்மானியர் இறங்கிவிடுவார்கள் என்று வயல்களில் வேண்டுமென்றே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஜெர்மானியர் வரவில்லை. நாணல் வளர்ந்தது, சேறு நின்றது. 1947-இல் அவோசெட் என்ற, மூக்கு மேல்நோக்கி வளைந்த கறுப்பு வெள்ளைப் பறவை அங்கே கூடு கட்டியது. நூறு வருடமாக இந்த நாட்டில் நிலையாகக் குஞ்சு பொரிக்காமல் இருந்த பறவை. பிள்ளைகள் இருந்தால் வால்பர்ஸ்விக்கில் நண்டு பிடிக்க விடுங்கள். நூலும் கொஞ்சம் பன்றி இறைச்சியும் ஒரு வாளியும் போதும், பாலத்திலிருந்து தொங்கவிட்டால் பச்சை நண்டு ஏறிவரும். பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். என் மகள் அழுதுகொண்டே விடுவாள்.

குளிர்காலத்துக்குக் காற்று உள்ளே புகாத கோட்டு வாங்குங்கள். இந்த ஊர்க் காற்றைச் சோம்பேறிக் காற்று என்பார்கள். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு உங்கள் உடம்புக்குள்ளேயே நுழைந்து போகுமாம்.

மணி கேட்குமா என்று கேட்டீர்கள். முப்பது வருடத்தில் கேட்டேன் என்று நேரில் சொன்னவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. டனிச் கரையில் படகு வைத்திருந்த ஒரு கிழவரிடம் கேட்டேன். கோயிலைக் கைவிட்டால் முதலில் கழற்றி விற்பது மணியைத்தானே, கடலுக்கு எதற்கு விட்டு வைக்கப்போகிறார்கள் என்றார். வற்றம் இறங்கும்போது கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் சத்தம் ஒன்று உண்டு, ராத்திரியில் தொலைவு வரை கேட்கும். வேண்டுமானால் அதைப் போய்க் கேளுங்கள்.

கோவ்ஹைத் என்ற கடலோரக் கிராமத்துக்கும் ஒரு தடவை போங்கள். பெரிய தேவாலயத்தின் இடிந்த சுவர்களுக்குள்ளே 1672-இல் கட்டிய சின்னத் தேவாலயம், நாணல் கூரை போட்டது. அதைத் தாண்டித் தார்ச்சாலை கடலை நோக்கிப் போய், மண்மேட்டின் விளிம்பில் அப்படியே அறுந்து நிற்கும். அங்கே கரை சராசரியாக ஆண்டுக்கு நான்கைந்து மீட்டர் பின்வாங்குகிறது. விளிம்புக்குப் போகாதீர்கள், அடியிலும் நிற்காதீர்கள், மழைக்குப் பிறகு சொல்லாமல் சரியும். 1986-இல் அந்தச் சாலையின் கடைசியில் ஒரு வயல் வரப்பில் உட்கார்ந்து நானும் மகளும் புளியோதரை சாப்பிட்டோம். அவளுக்கு அப்போது நாலு வயது. ஓய்வு பெற்ற வருடம் அவளோடு மறுபடி போனேன். எங்கேம்மா உட்கார்ந்தோம் என்று கேட்டாள். கடலுக்குள் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி ஒரு படகு நின்றுகொண்டிருந்தது. கிட்டத்தட்ட அங்கே என்று காட்டினேன்.